மருமகன் காதில் ஏறும் முதல் ஊசி

நீங்கள் என் காதைத்தான் பார்க்கிறீர்கள். பாளையம்பட்டி தாண்டியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம் அய்யா. கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன். அதோ முன்சீட்டில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாளே, என் மனைவி தெய்வானை, அவளைக் கேட்டால் தெரியும். நான் சொல்லிவிடுவேன் என்பதற்காகத்தான் அவள் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

கடுக்கன் இல்லை. காது கேட்கும் கருவியும் இல்லை. தோல் நிறத்தில் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கிறதே, அது பிளாஸ்திரி. அதற்கு அடியில் ஓர் ஊசி இருக்கிறது. ஊசி என்றதும் கோணி ஊசியை நினைக்காதீர்கள். ரவையில் பாதி இருக்கும். இரண்டு காதிலுமாகப் பல இருந்தன. போன வாரம் வைத்தது. மற்றவை தானாக உதிர்ந்துவிட்டன. உதிரத்தான் வேண்டும், அதன் முறையே அதுதான். இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. என்னை மாதிரி.

எனக்குப் புற்றுநோய். பாருங்கள், இதைச் சொன்னதும் நீங்களும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வெளியே ஒன்றுமில்லை அய்யா, சீமைக் கருவேலம்தான். என் பக்கம் திரும்புங்கள். புராஸ்டேட்டில் ஆரம்பித்து இடுப்பெலும்புக்கு வந்திருக்கிறது. அதற்கு மருந்து நடக்கிறது. நான் சொல்ல வந்தது நோயைப் பற்றி இல்லை, வலியைப் பற்றி. இரண்டும் வேறு வேறு. நோய் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும். வலி நான் உட்காரும் நாற்காலியில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

பெயரைச் சொல்லவில்லையே. அறிவுடைநம்பி. பழைய பாண்டிய மன்னன் ஒருவனின் பெயர். புறநானூற்றில் அவன் பாட்டு ஒன்று உண்டு. அப்பா கறுப்புச் சட்டைக்காரர், அதனால் இந்தப் பெயர். என் மனைவியின் பெயரையும் கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிடச் சொன்னார். மாப்பிள்ளையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் மாமா என்று அவள் பதில் சொல்லியனுப்பினாள். அதோடு அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை செய்த காலம் முழுக்க உட்கார்ந்து படித்ததுதான் என் வேலை. அரசாங்கத்திடம் அப்படிச் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லலாம். இந்த வலி வந்த பிறகு, ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோகிறது. நடுவில் இடுப்பு புகுந்து பேசுகிறது. மாத்திரையைக் கூட்டினால் இடுப்பு வாயை மூடும், புத்தகமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது அய்யா. விழித்துக்கொண்டு, உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுசாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மதுரையில் நான் போகும் ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண். சின்ன வயசு, பெரிய பொறுமை. முதல் நாள் என்னிடம் கேட்டார்: "சார், வலி பத்துக்கு எத்தனை?"

"பத்து என்றால் எது?" என்றேன்.

"நீங்க கற்பனை பண்ணக்கூடிய உச்சபட்ச வலி."

"அப்படியானால் என் கற்பனை வளத்தைப் பொறுத்து மதிப்பெண் மாறுமே. ஒரு கவிஞனுக்கும் ஒரு கணக்கருக்கும் ஒரே பத்தா?"

"சார், நம்பர் மட்டும் சொல்லுங்க."

"ஆறே முக்கால்."

ஏழு என்று எழுதினார். நான் ஆட்சேபித்தேன். தெய்வானை என் காலை மிதித்தாள். அது எட்டு.

அந்த டாக்டர்தான் ஒரு நாள் சொன்னார்: "மாத்திரையை இன்னும் ஏத்துறதுக்கு முன்னாடி காதுல ஊசி வச்சுப் பாக்கலாமா சார்? முதல்லயே சொல்லிடறேன், இது கேன்சருக்கு இல்ல, வலிக்கு மட்டும். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. மாத்திரையும் அதுபாட்டுக்கு ஓடட்டும். ரத்தத்துல பிளேட்லெட் சரியா இருக்கான்னு பாத்துட்டு வைக்கலாம்."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். பெரிய காது ஒன்று. அதற்குள் தலைகீழாக ஒரு குழந்தை சுருண்டு படுத்திருக்கிறது. தொங்கும் மடல் இருக்கிறதே, அது குழந்தையின் தலை. மேலே கால். நடு வளைவில் முதுகெலும்பு. இடுப்பு வலித்தால் காதில் குழந்தையின் இடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே குத்துவார்களாம். பழைய சீனச் சுவடியோ என்று கேட்டேன். இல்லை, ஊசி சீனாக்காரர்களுடையது, இந்தக் குழந்தை பிரான்சுக்காரர் ஒருவருடையது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வரைந்தது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாம்படம் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பெண்கள் இருந்தார்களே, இந்தப் படத்தின்படி அந்தக் குழந்தைக்குத் தலை எவ்வளவு நீளம் ஆகியிருக்கும்? அவர்களை யாரும் பேச்சில் ஜெயிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இப்போதல்லவா புரிகிறது என்றேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் நூலகத்துக்கு இப்படி ஒரு புத்தகம் வந்திருந்தால் மருத்துவ அலமாரியில் வைப்பதா, மாந்திரீக அலமாரியில் வைப்பதா என்று ஒரு வாரம் யோசித்திருப்பேன். என் காதில் வைக்க யோசிக்க மாட்டேனா?

வீட்டுக்கு வந்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனில் ஆராய்ச்சிக் கட்டுரைகளாகத் தேடினேன். பலன் இருக்கிறது என்று சிலர். போலி ஊசிக்கும் அசல் ஊசிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று வேறு சிலர். சிலருக்குக் காதே வலித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று இன்னொருவர். நான் ஒவ்வொன்றாகத் தெய்வானைக்கு வாசித்துச் சொன்னேன். கட்டுரை நீளமில்லை. ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் நான் புரண்டு படுப்பதுதான் நீளம்.

"நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிரும். குத்திக்கிட்டு வந்து உக்காந்து படிங்க" என்றாள்.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே அவள் போனை எடுத்துக் காரியாபட்டிக்குப் பேசியது எனக்குத் தெரியாது. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

காரியாபட்டியில் யார் என்று கேட்கிறீர்களா? என் தாய்மாமன் சோலையப்பன். கொஞ்சம் பொறுங்கள், இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மாமன் என்றால் என்னைவிடப் பெரியவன் என்று நினைப்பீர்கள். என்னைவிட இளையவன். என் அம்மா வீட்டுக்கு மூத்த பெண், இவன் கடைக்குட்டி. நான் அரை டவுசர் போட்டுத் தெருவில் திரிந்தபோது இவன் தொட்டிலில் கிடந்தான். விளையாட்டில் நான் இவனை அடிப்பேன். அடிவாங்கிவிட்டு, "மாமன அடிச்சா கை அழுகிரும்" என்று அழுவான். விசேஷ வீடுகளில் நான் இவன் காலில் விழ வேண்டும். இன்றைக்கும் நான் இவனை "வாடா மாமா" என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை "மருமகனே, வாங்க" என்பான். கேட்பவர்களுக்கு விளங்காது, எங்களுக்குப் பழகிவிட்டது.

இப்போது காது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது, உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? எனக்குக் குத்தவில்லை. நன்றாகப் பாருங்கள், மடலில் துளையே கிடையாது. என் பெரிய மாமா கருத்தப்பாண்டி, சோலையப்பனுக்கு மூத்தவர், என் முதல் வயதில் வண்டி கட்டிச் சீரோடு வந்தாராம். அரிசி, வெல்லம், கடுக்கன், ஓர் ஆட்டுக்கிடா. அப்பா வாசலில் மறித்துக்கொண்டார். காது கேட்பதற்கு, அதற்கு வேண்டிய ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று தேவையில்லை என்றாராம். பெரிய மாமா கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, "அப்ப கிடாயை என்ன செய்ய மச்சான்?" என்று கேட்டாராம். "கிடா உள்ள வரலாம்" என்றாராம் அப்பா. கிடா விருந்தாயிற்று. என் காது தப்பியது.

ஆனால் பெரிய மாமா அதை மறக்கவில்லை. எங்கே பார்த்தாலும் முதலில் என் காதைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பார்வை மட்டும் சோலையப்பனுக்கு வந்துவிட்டது, வீடு வாசல் வருவது மாதிரி.

அன்று பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. "என்ன மருமகனே, காதுல ஊசி ஏறப்போகுதாமே."

"அது வைத்தியம்டா."

"தெரியும். தெய்வான வெவரமாச் சொல்லுச்சு. வலிக்குப் போடுற ஊசி, புடிச்சா நிக்கும், இல்லாட்டி இல்ல. எல்லாம் தெரியும். ஊசி எதுக்கு வேணாப் போடட்டும். மருமகன் காதுல ஏறுற மொத ஊசி மாமன் மடியிலதான் ஏறணும். நோவுக்குப் போட்டா மாமன் இல்லன்னு ஆயிருமா?"

"இத்தனை மாசமாக இடுப்பில் ஊசி போட்டார்களே, அதற்கெல்லாம் எங்கே போயிருந்தாய்?"

"இடுப்புல மாமனுக்குப் பாத்தியதை கெடையாது. காதுலதான்."

சட்டப்படி பார்த்தால் அவன் சொன்னது சரி. வா என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இதில் நான் துரோகம் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சடங்குக்காகப் போடும் துளையைத்தான் அப்பா எதிர்த்தார். அம்மைக்கு ஊசி போட எங்களை வரிசையில் நிறுத்தியவரே அவர்தான். மாமன் மடி என்பது இங்கே வெறும் இருக்கை. நாற்காலிக்குப் பதில் மாமன். இதில் பகுத்தறிவுக்கு என்ன முரண்பாடு?

போன வாரம் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். சலவை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு, கையில் துணி மூடிய தாம்பாளம். வாசல் காவலாளி என்ன அது என்று கேட்டதற்கு, "பேஷன்ட்டுக்குச் சாப்பாடு" என்றிருக்கிறான். பொய்யில்லை. உள்ளே இருந்தது ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும், வாழைப்பழமும், தேங்காயும். என்னைப் பார்த்தான். மருந்தில் என் தலைமுடி முழுக்க உதிர்ந்து இப்போதுதான் பூனைமயிர் மாதிரி முளைக்கிறது. தடவிப் பார்த்துவிட்டு, "மொட்டையை முன்னாடியே முடிச்சிட்டீக. காது குத்து மட்டும்தான் பாக்கி" என்றான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலத்தான் தலை. அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

டாக்டர் நஸ்ரின் கோபித்துக்கொண்டு துரத்திவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் தாம்பாளத்தைப் பார்த்தார், சோலையப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்குத் தம்பியா?"

"தாய்மாமன்."

"எத்தனை வருஷம் சின்னவர்?"

"மாமனுக்கு வயசு கேக்கக்கூடாது டாக்டரம்மா" என்றான் அவன்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு கையுறையை மாட்டினார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சொன்னார்: "ஊசி வைக்கும்போது பேஷன்ட் ஆடாம உக்காந்திருக்கணும். எதுமேல உக்காரணும்னு புக்ல இல்ல. ஆனா காதுல மஞ்சள் தடவக்கூடாது, தேங்காய் இங்க உடைக்கக்கூடாது. நீங்க கையைக் கழுவிட்டு வாங்க மாமா."

மாமா என்றுவிட்டார். அவ்வளவுதான், அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தொடையையும் தட்டி, "வாங்க மருமகனே, அண்ணன் உக்கார வேண்டிய எடம்" என்றான்.

உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டிய நான், அறுபதைத் தொடாத மாமன் மடியில். அவன் ஒரு கையால் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். "இந்தக் காதுக்காக எங்கண்ணன் எத்தன..." என்று ஆரம்பித்தான். நடுவில் நிறுத்திவிட்டான். சரி, வாக்கியத்தை முடிக்காமல் விடுவது அவன் குணம்தான், பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். ஆனால் இந்த முறை கையால் என் விலாவை மெதுவாகத் தடவிப் பார்த்தான், ஏதோ தேடுகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"முட்டி வலிக்கிறதாடா மாமா?" என்றேன்.

"ஆமா" என்றான்.

பாவம். இவனுக்கு இவ்வளவு மோசமாக மூட்டுத் தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் நான் இப்போது ஒன்றும் பெரிய பாரமில்லை அய்யா. முன்னால் என்றால் தொந்தியும் தொப்பையுமாக இருந்தேன். இப்போது ஒரு சாக்கு இலவம் பஞ்சு இருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பஞ்சைத் தாங்கவே கண்ணில் நீர் வருகிறதென்றால் முட்டி என்ன நிலைமையில் இருக்க வேண்டும்? முட்டிக்கும் காதில் ஓர் இடம் இருக்கிறது, டாக்டரிடம் சொல்லி உனக்கும் வைக்கச் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான். டாக்டரும் ஊசி உறையைப் பிரிக்க முடியாமல் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கெட்டிக்காரர்தான், அனுபவம் போதாது.

தெய்வானை ஒரு சிட்டிகை வெல்ல அரிசியை என் வாயில் போட்டாள். பசித்தது, சாப்பிட்டேன். காலையிலிருந்து வெறும் காபி. டாக்டர் காதைத் துடைத்து, கம்பி முனையால் தொட்டுத் தொட்டு இடம் தேடி, சுருக்கென்று ஒன்று வைத்தார்.

அப்போது பாருங்கள், கதவு திறந்தேதான் இருந்தது, வராந்தாவில் நத்தம் பக்கத்து அம்மா ஒருத்தி முறைக்காகக் காத்திருந்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் மருந்து ஏற்றுகிற குழாயோடு. அந்த அம்மா குலவை போட்டுவிட்டாள். அய்யா, புற்றுநோய் ஆஸ்பத்திரியில் குலவைச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கட்டடம் முழுக்கப் போயிற்று. பக்கத்து அறைகளிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. ஒரு நர்ஸ் ஓடிவந்து, "யாரு, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர், எங்க மருமகனுக்குக் காது குத்து" என்றான் சோலையப்பன், குரல் திரும்பிவிட்டது. நர்ஸ் திட்டினாள். திட்டிக்கொண்டே ஒரு பழம் எடுத்துக்கொண்டாள்.

இந்த வைத்தியத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஓர் ஊசி வைத்ததும் எழுந்து நடக்க வேண்டும். நடந்துவிட்டு வந்து வலி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். குறையாவிட்டால் அடுத்த காதில் அடுத்த ஊசி. மறுபடி நடை. நான் வராந்தாவில் நடந்தேன். எனக்குப் பின்னால் மாமன், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் தாம்பாளத்தோடு தெய்வானை. வரிசையில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். சாமி ஊர்வலம் தோற்றது. அப்பா பார்த்திருந்தால் அதை மட்டும் மன்னித்திருக்க மாட்டார்.

திரும்பி வந்து "ஐந்தரை" என்றேன். டாக்டர் இந்த முறை ஐந்தரை என்றே எழுதினார்.

"இப்போது நாற்காலியில் உட்காரட்டுமா? முதல் ஊசிதான் முடிந்துவிட்டதே."

"அது அந்தக் காது. இது இந்தக் காது" என்று தொடையைத் தட்டினான்.

இரண்டு காதும் முடிந்தன. அடுத்த ஊசிக்கு என்ன சட்டம் சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். சட்டமெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக்கொண்டான். கடைசி ஊசி வைத்த பிறகு டாக்டர், "விடுங்க மாமா, சார் நடக்கணும்" என்றார். விடவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் பிடியைத் தளர்த்தினான். மூட்டு நோய் இருந்தால் கை மரத்துப்போவதும் உண்டு, படித்திருக்கிறேன்.

எழுந்து நடந்தேன். வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பினேன். எப்படிச் சொல்வது? வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். வலி இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் ஓடுகிற ரேடியோ மாதிரி இருந்தது. பாட்டு கேட்கிறது, நம் வீட்டில் இல்லை. டாக்டர் "எவ்வளவு சார்?" என்றார். "இரண்டு" என்றேன். "இரண்டேகாலா, இரண்டரையா?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பின்னம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

வெளியே வந்து எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தோம். பெஞ்சில், சாய்மானம் இல்லாத பெஞ்சில். கடைக்காரர் வைத்திருந்த தினசரியை எடுத்தேன். தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பித்து, வரி விளம்பரம், காணவில்லை, ஏலம், பாலம் கட்ட ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, அதன் நிபந்தனைகள் என்று அச்சிட்டவர் பெயர்வரை படித்தேன். அதில் பிழைகள் வேறு கண்டுபிடித்தேன், சத்தமாகப் படித்துக் காட்டினேன். தெய்வானை ஒவ்வொரு பிழைக்கும் தலையாட்டினாள். நாற்பது வருஷ வாழ்க்கையில் அவள் நான் சொல்லும் பிழைகளை அவ்வளவு ஆசையாகக் கேட்டது அன்றுதான். சோலையப்பன் தேங்காயைக் கல்லில் தட்டி உடைத்து வரிசையில் இருந்த எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். குலவை போட்ட அம்மா, "அடுத்த தடவை எனக்கும் ஒரு மாமன் புடிச்சுக் குடுங்க, எங்க மாமன்லாம் போயிட்டாக" என்றாளாம். "எம் மடி இருக்கு ஆத்தா, வா" என்றானாம் இவன். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தோம். பஸ்ஸிலும் சிரித்தோம். கண்டக்டர் எங்களைக் குடித்திருப்பதாக நினைத்துவிட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் சுபம். ஆனால் நான் படித்தவன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் ஒரு பெரிய முறைப் பிசகு தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. ஊசி ஒன்று, மடி ஒன்று. வலியைக் குறைத்தது எது? குலவை, வெல்லம், சிரிப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அவை சில்லறை. ஊசியா, மடியா? இதற்கு விடை வேண்டுமென்றால் ஒன்றை நீக்கிவிட்டு ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். டாக்டரை நீக்க முடியாது. ஆகவே மாமனை நீக்க வேண்டும்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். "சார், ரெண்டும் சேந்து கேட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றார். ஆராய்ச்சி மனப்பான்மை இன்னும் வரவில்லை.

தெய்வானையிடம் சொன்னேன். "வலி கொறஞ்சிச்சா இல்லயா?"

"குறைந்தது."

"பெறகு?"

பிறகு என்னவென்று விளக்கினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயும் போய் விளக்கினேன்.

சோலையப்பனிடம் நேரிலேயே சொன்னேன். நீ அடுத்த முறை வரக்கூடாது, உன் பாத்தியதை தீர்ந்துவிட்டது, இனி ஊசி தனியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். சண்டைக்கு வருவான் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி மருமகனே. ஒங்க ஆராய்ச்சிக்குக் குறுக்க நான் எதுக்கு?" என்றான். அவ்வளவுதான். என் பதில்களெல்லாம் வீணாயின.

அது நடந்த பிறகுதான் ஊசிகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. முந்தாநாளிலிருந்து ரேடியோவைப் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நேற்று ஒரு பக்கத்தை மூன்று முறை ஆரம்பித்தேன். இதோ, இப்படிச் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. உங்கள் தோளில் இடிக்கிறேனா? மன்னிக்க வேண்டும். இன்றைக்கு இரண்டாம் தடவை வைக்கிறார்கள். மடி இல்லாமல், வெறும் நாற்காலியில். கேட்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கேட்காமல் போனால் அதுவும் ஒரு முடிவுதான் அய்யா, ஆராய்ச்சியில் அதற்கும் மதிப்பு உண்டு. மாத்திரையை ஏற்றுவார்கள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இது கல்குறிச்சிதானே? அடுத்தது காரியாபட்டி.

நீங்கள் அந்த ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். சும்மாதான். உயரமாக, சிவப்புத் துண்டு போட்டு, நரைத்த மீசை. ஒரு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருப்பான், வெயிலே இல்லாவிட்டாலும். பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டது, பாருங்கள். இல்லையா? நல்லது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். எனக்குச் சந்தோஷம். ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பூக்கடைப் பக்கம் பார்த்தீர்களா?

தெய்வானையும் எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு என்ன அங்கே வேலை? பழக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, அவன் வீட்டிலிருந்து வந்தால் அந்த வழியாகத்தான் வருவான். வந்தால் சொல்கிறேன். வரப்போவதில்லை.

கண்டக்டர், விசில் கொடுக்காதீர்கள், ஓர் ஆள் வருகிறார்.

எங்கே என்றால், வந்துகொண்டிருக்கிறார். இல்லை, இன்னும் தெரியவில்லை. ஆனால் வருகிறார். ஒரு நிமிஷம் நிறுத்தினால் பஸ் என்ன தேய்ந்தா போய்விடும்? நான் நோயாளி அய்யா, இந்தக் காதைப் பாருங்கள், ஊசி வைத்திருக்கிறது. இல்லை, இறங்க மாட்டேன். எழுந்து நின்று பார்க்கிறேன், அவ்வளவுதான். உங்கள் தோளை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்கிறேன்.

அதோ. அதோ, டீக்கடைக்குள்ளிருந்து. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு இத்தனை நேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், பாருங்கள். அடேய் மாமா. மாமா. இங்கே.

எங்கேடா கிளம்பிவிட்டாய்?

"மதுரைக்கு மருமகனே. மோட்டார் ரிப்பேரு, காயில் கம்பி சுத்தணும்."

கையில் மோட்டாரைக் காணோமே என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அவனவனுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். மதுரையில் ஒருவனுக்கு வேலை இருந்தால் அவனை நான் எப்படித் தடுக்க முடியும்? ஒரே பஸ், ஒரே பாதை.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அய்யா. இது மூன்று பேர் சீட்டு. ஆராய்ச்சியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.